பழைய கேமிங் சிஸ்டத்தைக் குறைந்த செலவில் தேற்றுவது எப்படி? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வீடுகளில் நான் அதிகம் பார்க்கிற கேமிங் சிஸ்டம் ஏறக்குறைய ஒரே அச்சு. 2014, 2015 வாக்கில் மூத்த பிள்ளை காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. நாலாம் தலைமுறை ஐ5 பிராசஸர், ஒற்றை ஸ்டிக்கில் 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. அண்ணன் வேலைக்குப் போனபின் அது தம்பி கைக்கு வந்திருக்கும். தம்பிக்கு அதில் புது கேம் ஓட வேண்டும். கையில் இருப்பதோ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உறவுக்காரர்கள் கொடுத்துச் சேர்ந்த காசு. அந்தக் காசு தப்பான பாகத்துக்குப் போய்விடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அசெம்பிள், சர்வீஸ் வேலையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை.

கேம் திக்கித் திணறி ஓடுகிறது. முதலில் எதை மாற்ற வேண்டும்?

எதையும் மாற்றாதீர்கள். உள்ளே எது மூச்சு வாங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. எந்தக் கம்பெனி கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். கேம் ஓடும்போதே திரையின் மூலையில் கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது, பிராசஸர் எவ்வளவு, ராம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று எழுதிக் காட்டும். வழக்கமாக ஆடும் கேமை 20 நிமிடம் ஆடிப் பாருங்கள். கார்டு 95க்கு மேலேயே நின்றால் கார்டுதான் தடை. கார்டு 50, 60 என்று ஓய்வாக இருக்கும்போதே கேம் திக்கினால் சந்தேகம் பிராசஸர் மேல் போக வேண்டும். பிராசஸரின் மொத்தக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் நாலு கோரில் ஒன்று முழுக்கத் திணறிக்கொண்டிருக்கும், மொத்தத்தில் 60 என்றுதான் காட்டும். ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ராம் 8 ஜிபியில் 7.5 தாண்டி, ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தால் குறை அந்த இரண்டில் இருக்கிறது.

இன்னொரு எளிய வழி: கேமின் ரெசல்யூஷனை 1080லிருந்து 720க்கு இறக்குங்கள். ஃபிரேம் (வினாடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) சட்டென்று ஏறினால் கார்டுதான் திணறுகிறது. ஏறாமல் அப்படியே நின்றால் பிராசஸர்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு பையன் கார்டு மாற்ற வேண்டும் என்று சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆன் செய்தால் ராம் 4 ஜிபி என்று காட்டியது. உள்ளே இரண்டு ஸ்டிக் இருந்தன, ஒன்று பிடிப்பு விட்டிருந்தது. இரண்டையும் கழற்றி, அந்தத் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தேன். இரண்டு பக்கமும் ‘டக்’ என்று சத்தம் கேட்கும்படி மாட்டினேன், 8 ஜிபி வந்துவிட்டது. அவன் கேட்ட கேமுக்கு அதுவே போதுமாக இருந்தது. கார்டுக்கு வைத்திருந்த காசை அவன் அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போனான். மானிட்டர் வயரைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களும் உண்டு. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆரம்பத்தில் நன்றாக ஓடுகிறது, அரை மணி நேரத்தில் இழுக்கிறது. ஏன்?

சூடு. பெரும்பாலும் அதுதான். இன்டெல்லின் பழைய பிராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அறையே 38 டிகிரியில் இருந்தால் ஃபேன் எந்தக் குளிர்ந்த காற்றை இழுக்கும்?

பழைய செட்டிநாட்டு வீட்டின் உள்ளறை இதற்கு நல்ல இடம். கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை. வெளியே கொளுத்தும்போதும் உள்ளே ஓரளவு குளிர்ந்தே இருக்கும். மாடியில் ஷீட் போட்ட அறையில் சிஸ்டத்தை வைத்திருந்தால், பாகம் வாங்குவதற்கு முன் கீழே கொண்டுவந்து ஆடிப் பாருங்கள்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். பத்து வருடம் திறக்காத சிபியுவில், பிராசஸரின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்கின் அலுமினிய இதழ்களுக்கும் ஃபேனுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். விரலால் உரித்தால் ஒரே துண்டாக வரும். செம்மண் ஊர், முற்றம் திறந்த வீடு, புதுவயல் பக்கம் என்றால் அரிசி ஆலைத் தவிடும் சேர்ந்துகொள்ளும். பெயின்ட் பிரஷ், ஊதுகிற புளோயர் இரண்டும் போதும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். அப்புறம் பிராசஸர் மேல் காய்ந்து பொருக்குத் தட்டிய பழைய தெர்மல் பேஸ்ட்டை (சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை) துடைத்து, பட்டாணி அளவு புதுசு வையுங்கள். ஹீட்சிங்கைத் திரும்ப மாட்டும்போது நாலு முனையும் போர்டுக்குப் பின்னால் வெளியே வந்து பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று பூட்டாவிட்டாலும் சூடு இறங்காது. சில நூறு ரூபாயில் முடிகிற இந்த வேலைக்கு இணையான பலன் வேறெந்தச் செலவிலும் இல்லை.

எஸ்எஸ்டி போட்டால் கேம் வேகமாகுமா?

ஃபிரேம் கூடாது. ஆனால் சிஸ்டம் திறப்பது, கேம் லோடு ஆவது, பெரிய மேப்பில் ஓடும்போது வரும் திக்கல் எல்லாம் கண்கூடாக மாறும். ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 100, 150 எம்பி படிக்கும். ஹார்டு டிஸ்க் மாதிரியே வயரில் இணைக்கும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500க்கு மேல். நாலாம் தலைமுறை போர்டுகளில், எஸ்எஸ்டியை நேராகப் போர்டிலேயே செருகும் எம்.2 இடம் அநேகமாக இருக்காது, சாட்டாவே வாங்குங்கள், தாராளமாகப் போதும். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம், படம், பாட்டு, பழைய கேம் வைக்க அது இருக்கட்டும்.

ராம் 8லிருந்து 16 ஆக்கலாமா?

இன்றைய பெரிய கேம்களுக்கு 16 வேண்டும். ஆனால் எவ்வளவு என்பதோடு எத்தனை ஸ்டிக் என்பதும் முக்கியம். 8 ஜிபி ஒற்றை ஸ்டிக்கில் இருந்தால் பிராசஸருக்கும் ராமுக்கும் நடுவே ஒரு பாதைதான். அதே அளவில் இன்னொன்று சேர்த்தால் இரண்டு பாதை திறக்கும். கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் பிராசஸரோடு வரும் கிராபிக்ஸில் ஆடுகிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய வித்தியாசம் காட்டும், ஏனென்றால் அது ராமைத்தான் தன் நினைவகமாக எடுத்துக்கொள்கிறது.

ராமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் கால்களுக்கு நடுவே உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது, அழுத்திப் பார்க்க வேண்டாம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவித்ததுதான் காரணம். அதனால் பழைய டிடிஆர்3 சிஸ்டத்துக்குச் செகண்ட் ஹேண்டில் ராம் வாங்க நான் தயங்குவதே இல்லை. ராம் சுலபத்தில் கெடாது. வாங்கியதும் மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளை ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பிழை இல்லை என்று பார்த்தால் போதும்.

கார்டு மட்டும் வாங்கினேன். எஸ்எம்பிஎஸ்ஸும் (சிஸ்டத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மாற்ற வேண்டும் என்கிறார்களே, கடைக்காரர் காசு பிடுங்கப் பார்க்கிறாரா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

என் அக்கா மகன் ஒரு வருடம் காசு சேர்த்து, செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 கார்டு வாங்கி வந்தான். “மாமா, மாட்டிக் கொடுங்க” என்று சாயங்காலம் வந்து நின்றான். கார்டு தலையில் எட்டுக் கால் பவர் இடம் இருக்கிறது, அவன் எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கான வயரே இல்லை. கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் அது. மேலே பெரிதாக 450 வாட் என்று போட்டிருந்தது. சாதாரண டிஸ்க் வயரிலிருந்து மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் விற்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளலாமே என்றான்.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி, பக்கவாட்டு ஸ்டிக்கரை அவனையே படிக்கச் சொன்னேன். +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே 14 ஆம்பியர். 12ஐ 14ஆல் பெருக்கினால் 168 வாட். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் பாதையிலிருந்துதான். ஆர்எக்ஸ் 580 ஒன்றுக்கே ஏறக்குறைய 185 வாட் வேண்டும். மேலே எழுதியிருந்த 450க்கும் உள்ளே இருந்த 168க்கும் நடுவில்தான் போர்டும் கார்டும் எரிந்து போகின்றன. பையன் முகம் வாடிவிட்டது. கார்டைப் பெட்டியில் வைத்து மூடி, இரண்டு மாதம் கழித்து நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கிய பிறகுதான் மாட்டினோம். அந்தக் கார்டு இன்றும் ஓடுகிறது.

கணக்கு இதுதான். போர்டின் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். ஆறு கால் வயர் இன்னொரு 75, எட்டுக் கால் வயர் 150. பேர் சொல்லக்கூடிய கம்பெனி, 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கு), ஐந்து வருடமாவது வாரண்டி, 450லிருந்து 550 வாட் என்று பார்த்து வாங்கினால் அடுத்த இரண்டு சிஸ்டத்துக்கும் அதுவே வரும். செகண்ட் ஹேண்டில் வாங்கக் கூடாத ஒரே பாகம் என்று நான் சொல்வதும் இதைத்தான்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டதா?

எஸ்எம்பிஎஸ் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும், வீட்டு பிளக்கில் எர்த்து இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்டச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை கசிய விடும் துளி மின்சாரம் எர்த்து வயர் வழியே மண்ணுக்குப் போக வேண்டும். வழி இல்லாவிட்டால் கேபினட் தகட்டிலேயே தங்கி நிற்கும். 230 வோல்ட்டில் பாதியளவு வரை அங்கே இருக்கலாம். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், அதுவும் துடைத்த ஈரம் காயுமுன் வெறுங்காலோடு நின்று தொட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்.

நம் பழைய வீடுகளில் வயர் இன்னும் தேக்கு ரீப்பரில்தான் ஓடுகிறது. இரண்டாம் கட்டு அறையில் ஒரே ஒரு இரண்டு கால் பிளக் இருக்கும். மூன்று கால் பிளக்கை இரண்டாக்கும் கன்வெர்ட்டர் போட்டு, அதில் சிபியு, மானிட்டர், மோடம் எல்லாம் தொங்கும். கார்டு வாங்குமுன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த்துக் குழியிலிருந்து அந்த ஒரு பாயின்ட்டுக்குப் பச்சை வயர் இழுக்கச் சொல்லுங்கள். வீடு முழுக்க மாற்ற வேண்டியதில்லை. எர்த்தையும் நியூட்ரலையும் பிளக்குக்குள்ளேயே சேர்த்து முறுக்கிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. குழந்தைகளும் ஆச்சியும் நடமாடும் வீடு அது.

சரி, எந்தக் கிராபிக்ஸ் கார்டு?

எஸ்எம்பிஎஸ் மாற்ற வழியே இல்லை என்றால் தனி வயர் கேட்காத கார்டுகளுக்குள்தான் தேட வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650, 75 வாட்டுக்குள் அடங்கும். அதிலும் சில மாடல்கள் ஆறு கால் வயர் கேட்கும், படத்தைப் பார்த்து வாங்குங்கள். 2024ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 70 வாட். வாலரன்ட், சிஎஸ்2, ஜிடிஏ 5 ஆடுகிறவருக்கு இவை போதும்.

நல்ல எஸ்எம்பிஎஸ் இருந்தால் என் முதல் தேர்வு ஆர்எக்ஸ் 6600. 2021ல் வந்தது, 8 ஜிபி, 132 வாட், ஒற்றை எட்டுக் கால் வயர். 1080 திரைக்கு இவ்வளவு அடக்கமாக உழைக்கும் கார்டு குறைவு. வாங்கும் நாளில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி செகண்ட் ஹேண்டில் பக்கத்து விலையில் கிடைத்தால் அதையும் பாருங்கள்.

மலிவாகத் தெரிந்தாலும் பழைய போர்டுக்கு ஆகாதவை உண்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 6400 இரண்டும் ஸ்லாட்டில் நாலு லேன் (தரவு ஓடும் பாதை) மட்டும் பயன்படுத்துகின்றன. ஸ்லாட் பிசிஐஇ நாலாம் தலைமுறையாக உள்ள புது போர்டில் பரவாயில்லை. பிசிஐஇ 3ல் பாதையின் அகலம் பாதியாகிவிடும். நாலாம் தலைமுறை வீடுகளில் அதிகம் இருக்கும் எச்81 போர்டில் ஸ்லாட் பிசிஐஇ 2 மட்டுமே, அங்கே இன்னும் பாதி. இன்டெல் ஆர்க் கார்டுகள் பெட்டியில் எழுதிய வேகத்தைக் கொடுக்க ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் எட்ட விடுவது) வசதி வேண்டும். பத்தாம் தலைமுறை இன்டெல்லுக்கோ ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 3000க்கோ முந்தைய சிஸ்டத்தில் அவற்றை நான் போடுவதில்லை.

டிரைவரையும் யோசியுங்கள். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் இன்னும் சில வருடம் வரும். 1050 டிஐ, 1060 கையில் இருந்தால் ஓட்டுங்கள், இனி காசு கொடுத்து வாங்க வேண்டாம். சில புது கேம்கள், ஒளி விழுவதை நிஜம் போலக் கணக்கிடும் ரே டிரேசிங் வன்பொருள் கார்டில் இல்லாவிட்டால் திறக்கவே மாட்டேன் என்கின்றன. 2025ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் அப்படி ஒன்று. வாங்கப்போகும் கார்டைவிட ஆடப்போகும் கேமின் பட்டியலை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிராசஸரை மட்டும் மாற்ற முடியுமா? எப்போது மொத்தமாகக் கைவிட வேண்டும்?

உங்கள் போர்டு எது என்பதைப் பொறுத்தது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போர்டின் பெயரைச் சொல்லும்.

ரைசன் வைத்திருப்பவர்களுக்கு நல்ல காலம். 2017ல் வந்த ஏஎம்4 (ரைசன் உட்காரும் சாக்கெட்) போர்டுகளுக்கு 2022ல் ரைசன் 5000 வரிசையையும் ஏற்கும் பயாஸ் அப்டேட் வந்தது. பயாஸ் என்பது ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள். ரைசன் 1200, 1600 இருக்கும் இடத்தில் 5600ஐ உட்கார வைக்கலாம். ராம், போர்டு, எஸ்எம்பிஎஸ் எதையும் தொட வேண்டாம். ஆனால் பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். அப்டேட் செய்யாமல் புதியதைப் போட்டால் திரையே வராது. அப்டேட் நடக்கையில் கரன்ட் போனால் போர்டு போய்விடலாம், ஆகவே யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். மாதாந்திர மின்தடை அறிவித்த நாளில் கை வைக்காதீர்கள்.

இன்டெல்லில் அந்தத் தாராளம் இல்லை. நாலாம் தலைமுறை ஐ5க்குப் பதில் அதே இடத்தில் ஐ7 4770 போடலாம், நாலு திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை) எட்டாகும். செகண்ட் ஹேண்டில் சகாயமாகக் கிடைத்தால் மட்டும். ஆறு, ஏழாம் தலைமுறை போர்டில் எட்டாம் தலைமுறை பிராசஸர் உட்காரும், கால்களின் எண்ணிக்கையும் அதேதான், ஆனால் ஓடாது. இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

விண்டோஸ் விஷயமும் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறை இன்டெல், ரைசன் 2000 முதல்தான். குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம் என்பார்கள். வாலரன்ட் ஆடுகிற தம்பிகளே, விண்டோஸ் 11ல் அந்த கேம், சிஸ்டத்தின் பாதுகாப்பு வசதிகளான டிபிஎம் 2.0ஐயும் செக்யூர் பூட்டையும் கேட்கும், இல்லாவிட்டால் வெளியே தள்ளிவிடும்.

ஆகவே டிடிஆர்3 சிஸ்டத்தில் எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கார்டு வரை காசு போடலாம். மூன்றும் அடுத்த சிஸ்டத்துக்குக் கூடவே வரும். போர்டு, பிராசஸர், ராம் மூன்றும் வராது, அவற்றில் போடும் பெரிய தொகை அங்கேயே புதைந்துவிடும். மாற்றும் நாள் வரும்போது ஐ3 12100எஃப்போடு டிடிஆர்4 எச்610 போர்டு, அல்லது ரைசன் 5600ஓடு பி450 அல்லது பி550 போர்டு. இரண்டுக்கும் ராமின் அன்றைய விலையைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

கையில் கொஞ்சம்தான் இருக்கிறது. எந்த வரிசையில் செலவழிக்க?

சுத்தம், தெர்மல் பேஸ்ட், எர்த்து. அப்புறம் எஸ்எஸ்டி. அப்புறம் இரண்டாவது ராம் ஸ்டிக். பிறகு எஸ்எம்பிஎஸ். கடைசியில் கார்டு. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு வாரம் ஆடிப் பாருங்கள், பாதியிலேயே போதும் என்று தோன்றலாம்.

ஆபீஸ்களில் கழித்த பிராண்டட் சிஸ்டம் மலிவாக வருகிறதே, அதில் கார்டு போடலாமா?

படிக்க, எழுத அருமை. கேமுக்கு என்றால் வாங்குமுன் திறந்து பாருங்கள். ஒல்லிக் கேபினட் என்றால் பாதி உயரக் கார்டுதான் நுழையும். பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ் வயரின் முனையே வேறு மாதிரி, வெளியே விற்கும் எஸ்எம்பிஎஸ் சேராது. முழு உயர டவர், எட்டாம் தலைமுறைக்கு மேல், தனி வயர் கேட்காத கார்டு என்ற மூன்றும் பொருந்தினால் குறைந்த செலவில் இதைவிட நல்ல வழி இல்லை.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பித்தளையைத் தட்டிப் பார்ப்பார்கள், பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள், அடியில் முத்திரை இருக்கிறதா என்று தடவுவார்கள். அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும்.

ஓடுகிற சிஸ்டத்தில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் கேமோ, கார்டை முழுவேகத்தில் உழைக்க வைக்கும் ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளோ ஓட்டி, சூடு 85 டிகிரியைத் தாண்டாமல் நிற்கிறதா, திரையில் கோடு, புள்ளி வருகிறதா, ஃபேன் உறுமுகிறதா என்று பாருங்கள். திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பேஸ்ட் மாற்றத்தான் திறந்தேன் என்பது நம்பக்கூடிய பதில்தான், கேட்டுப் பாருங்கள். கார்டின் பின்புறம் ஒரு மூலை மட்டும் பழுப்பேறியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்கும் போலிக் கார்டுகள் நிறையவே வந்தன. அப்படிப்பட்டதை ஜிபியு-இசட் போலி என்றே காட்டிக் கொடுக்கும். மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்ட இரவு பகலாக ஓட்டுவது) ஓடிய கார்டு என்றாலே பயப்பட வேண்டியதில்லை. ஃபேனும் பேஸ்ட்டும் மாற்றினால் பல கார்டுகள் நன்றாகவே உழைக்கின்றன. விலையில் அது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளூரிலா, மதுரை திருச்சியிலா, ரிச்சி ஸ்ட்ரீட்டா, ஆன்லைனா?

எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி மாதிரி வாரண்டிக்குத் திரும்பப் போக வேண்டியதை ஊரிலேயே வாங்குங்கள். நூறு, இருநூறு கூடினாலும் பரவாயில்லை. கார்டு, பிராசஸருக்கு ஆன்லைன் விலையைப் பார்த்துவிட்டு மதுரை, திருச்சி கடைகளுக்குப் போன் செய்யுங்கள், பேசினால் இறங்குவார்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு இதற்காகவே பல்லவன் ரயில் ஏறிப் போவது மொத்த சிஸ்டமும் வாங்கும்போதுதான் கட்டும். எங்கே வாங்கினாலும் 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட பில்லை, சீரியல் நம்பரோடு வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் அந்த வாரண்டி வாய் வார்த்தைதான். ஆன்லைன் பெட்டியைப் பிரிக்கும்போது ஒட்டிய டேப்பிலிருந்து தொடங்கி ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள்.

மாற்றிய பழைய பாகங்களை என்ன செய்வது?

பழைய கார்டை உடனே விற்காதீர்கள். புதுக் கார்டில் திரை வராத அன்றைக்கு, குறை கார்டிலா போர்டிலா என்று சொல்லப்போவது அதுதான். மூன்று மாதம் அட்டைப் பெட்டியில் வைத்திருந்து அப்புறம் கொடுங்கள். ராம் ஸ்டிக்கைத் துணியில் சுற்றாமல், புதுசு வந்த பிளாஸ்டிக் உறையிலேயே வையுங்கள்.

ஹார்டு டிஸ்க்கைக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, அப்பச்சியையோ ஆத்தாளையோ பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பாருங்கள். போன வருடம் ஒரு டிஸ்க்கில் ‘நியூ ஃபோல்டர் 3’ என்ற பெயரில் அந்த வீட்டு ஐயாவின் சாந்தி கல்யாண (அறுபதாம் கல்யாணம்) படம் முழுக்க இருந்தது, வேறெங்கும் நகல் இல்லை. எல்லாவற்றையும் புது எஸ்எஸ்டியிலும் ஒரு பென் டிரைவிலும் ஏற்றிய பிறகு, விண்டோஸில் விரைவு ஃபார்மேட் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். 1 டிபி டிஸ்க்குக்குச் சில மணி நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும்.